சோப்புப் படலத்தின் வண்ணங்கள் படத்தில் விழாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சோப்புக் கரைசலில் நனைத்தெடுத்த ஒரு வளையலைச் சன்னலருகே பிடித்தால் ஊதாவும் பச்சையும் பொன்னிறமும் அதில் வழிந்தோடுவதைக் கண் பார்க்கிறது. அதையே கேமராவில் பிடித்தால் சாம்பல் பூத்த ஒரு வட்டம்தான் பதிவாகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இந்தப் படங்களை எடுக்க முனையும் பிள்ளைகளும், பக்கத்தில் நின்று உதவும் பெற்றோரும், இந்த இடத்தில்தான் சோர்ந்துபோய் விலை உயர்ந்த கேமரா இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இந்த வேலையில் மட்டும் பெரும்பாலும் ஆட்டக்காரி சரியாகத்தான் ஆடுகிறாள், கூடம்தான் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. விளக்கு எங்கே இருக்கிறது, படலம் எவ்வளவு தடித்திருக்கிறது என்ற இரண்டையும் சரிபார்த்த பிறகே கேமராவின் அமைப்புகளில் கைவைக்க வேண்டும். இந்த வழிமுறை முழுவதும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

கீழே சொல்லப்படுபவை எளிய ஓர் அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு எவர்சில்வர் வளையலையோ வளைத்துக் கட்டிய கம்பியையோ துணி உலர்த்தும் கிளிப்பால் ஒரு பாட்டிலின் கழுத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். அதற்கு அரை மீட்டருக்கும் அப்பால் கறுப்பு வெல்வெட்டோ கறுப்புத் துணியோ தொங்கட்டும். ஒரு அட்டைப்பெட்டியின் பக்கத்தில் பெரிய சதுரமாக வெட்டி, அந்தச் சதுரத்தின் மேல் பேக்கிங் தாளை (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் வெள்ளைத் தாள்) ஒட்டி, தாளுக்கு ஓரடி பின்னால் விளக்கை வைத்தால் பரவலான வெள்ளை ஒளி கிடைத்துவிடும். கரைசலுக்கு ஒரு கோப்பை காய்ச்சி ஆறிய நீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் (இங்கே பெரும்பாலான சமையலறைகளில் இருக்கும் சன்லைட் போதும்) ஒரு மேசைக்கரண்டி கிளிசரினும் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

படலம் இருக்கிறது, வண்ணமே இல்லை

எல்லாப் பிழைகளிலும் அதிகம் காணப்படுவது இதுதான், இதற்கான காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: படலத்தில் எதிரொளித்த விளக்கின் ஒளி லென்ஸுக்குள் வரவில்லை. சோப்புப் படலம் பூவைப் போலவோ துணியைப் போலவோ ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதில்லை. அது ஒரு கண்ணாடி. ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுந்ததோ அதே கோணத்தில் மறுபக்கம் போய்விடும். அதுவும் மிகவும் பலவீனமான கண்ணாடி. படலத்தின் முன்பரப்பு விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது, பின்பரப்பும் ஏறக்குறைய அவ்வளவே திருப்பி அனுப்புகிறது. இந்த இரண்டு அலைகளும் முழுமையாக ஒத்துச் சேரும் நிறத்தில்கூட மொத்த எதிரொளிப்பு 8 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மீதியெல்லாம் படலத்தை ஊடுருவிப் பின்னால் போய்விடுகிறது. ஆகவே விளக்கின் பிம்பம் படலத்தில் விழுந்தால் வண்ணம் தெரியும். விழாவிட்டால் பின்னால் இருக்கும் துணிதான் தெரியும்.

இதைச் சரிசெய்யக் கணக்கு எதுவும் போட வேண்டாம். படலம் இருக்க வேண்டிய இடத்தில், அதே சாய்வில், முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றைப் பொருத்துங்கள். கேமராவை இறுதியாக வைக்கப்போகும் இடத்தில் வைத்து அதன் வழியே பாருங்கள். அந்தக் கண்ணாடியில் எதுவெல்லாம் தெரிகிறதோ அதுதான் நாளைக்குப் படலத்திலும் தெரியும். கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் பேக்கிங் தாள் தெரிந்து மற்ற இடத்தில் அலமாரியும் சுவரும் தெரிந்தால், படலத்திலும் அந்த மூலையில் மட்டுமே வண்ணம் இருக்கும். கண்ணாடி முழுவதும் ஒரே சீரான வெள்ளையாகத் தெரியும்வரை விளக்குப் பெட்டியை நகர்த்தியும் வளையலைத் திருப்பியும் பாருங்கள். தாள் சிறியதாக இருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் கண்ணாடி நிறையாது. அப்போது பெட்டியைப் படலத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும் அல்லது இன்னும் அகலமான தாள் வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவிடும் ஐந்து நிமிடம், பிறகு கேமராவின் பொத்தான்களோடு மல்லாடும் ஒரு மாலைப்பொழுதை மிச்சப்படுத்தும் என்பதால், வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

விளக்குக்குப் பதிலாகச் சன்னல் ஒளியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடகோளத்தில் எழுதப்பட்ட ஒளிப்படக் கையேடுகள் வடக்குப் பார்த்த சன்னலைப் பரிந்துரைக்கும். தென்னாப்பிரிக்காவில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், நேர்வெயில் படாத மென்மையான ஒளி தெற்குப் பார்த்த சன்னலில்தான் கிடைக்கும். டிசம்பர் மாதத்துக் காலையிலும் மாலையிலும் மட்டும் அங்கேயும் வெயில் எட்டிப்பார்க்கும். அப்போது மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போதும்.

விளக்கின் இடம் சரியாக இருந்தும் வண்ணம் காணாமல் போகும் ஒரு தருணம் உண்டு. லென்ஸின் முன்னால் போலரைசர் வடிகட்டி (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி) மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். படலத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 பாகை சாய்வில் எதிரொளிக்கும் ஒளி ஏறக்குறைய முழுவதும் ஒரே தளத்தில் அதிர்வது. வடிகட்டி அந்தத் தளத்துக்குக் குறுக்காகத் திரும்பியிருந்தால் அது அத்தனை வண்ணத்தையும் விழுங்கிவிடும்.

வண்ணம் இருக்கிறது, ஆனால் வெளுத்துப்போய் இருக்கிறது

இந்த ஒரே அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. எது என்பதைப் படத்தைக் கூர்ந்து பார்த்தே பிரித்தறியலாம்.

வளையலுக்கு வெளியே உள்ள கறுப்புத் துணியும் சாம்பலாகப் பதிவாகியிருந்தால் குற்றம் பின்னணியினுடையது. படலம் தருவது அதிகபட்சம் 8 விழுக்காடு ஒளி என்று பார்த்தோம். பின்னால் இருக்கும் துணி தன்மேல் விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பினாலும் அது படலத்தின் வழியே வந்து வண்ணத்தோடு கலந்து அதை வெளுக்கச் செய்துவிடும். துணியை இன்னும் தள்ளிவையுங்கள். விளக்கின் ஒளி துணிமேல் நேராக விழாதபடி ஒரு அட்டையைத் தடுப்பாக நிறுத்துங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு கேமராவின் பின்னால் நிற்பதும் இந்தப் பிழைக்கு ஒரு காரணம்.

துணி நல்ல கறுப்பாக இருந்து படலம் மட்டும் வெளுத்திருந்தால், கேமரா ஒளியை அளவுக்கு மீறி வாங்கிவிட்டது. காட்சியின் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதைக் கண்ட கேமரா, இருட்டான இடத்தைப் படமெடுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது. எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (கேமரா தானாகத் தேரும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒன்றோ இரண்டோ படி குறைத்து எடுங்கள். கைபேசியில் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் இதே வேலை நடக்கும். கேமராவின் திரையில் படம் சற்றே இருண்டு தெரிவதுதான் இங்கே சரியான அளவு.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. வெளிறிய இளஞ்சிவப்பும் வெளிறிய பச்சையும் மட்டும் மாறிமாறி வந்து, அடர்ந்த நீலமோ ஊதாவோ பொன்னிறமோ எங்குமே இல்லையென்றால், படலம் இன்னும் தடிமனாக இருக்கிறது என்று பொருள். படலத்தின் தடிமன் ஏறக்குறைய 200 நானோமீட்டராக (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்கும்போது பச்சை ஒளி ஒன்று மட்டும் அழிந்து, சிவப்பும் நீலமும் எஞ்சி, ஆழ்ந்த ஊதா பிறக்கிறது. அதே படலம் 1,000 நானோமீட்டர் தடித்திருந்தால் சிவப்பில் ஓரிடம், பச்சையில் ஓரிடம், நீலத்தில் ஓரிடம் என்று நிறமாலையில் பல இடங்களில் ஒரே நேரத்தில் ஒளி அழிகிறது. எஞ்சியவையெல்லாம் கலந்தால் கிட்டத்தட்ட வெள்ளைதான் வரும். செறிவான வண்ணங்கள் வேண்டுமானால் படலம் சுமார் 150 முதல் 600 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதற்குச் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். வளையலைச் செங்குத்தாக நிறுத்தினால் நீர் கீழே வடிந்து மேற்பகுதி முதலில் மெலியும். கரைசலில் கிளிசரின் அதிகமாகச் சேர்த்தவர்கள் இந்த இடத்தில் நெடுநேரம் காத்திருக்க நேரும், ஏனென்றால் அது உலர்வதைத் தடுப்பதோடு வடிவதையும் தாமதப்படுத்துகிறது. வளையலின் கீழ் விளிம்பில் தொங்கும் கனத்த துளியை நனைந்த விரலால் தொட்டு எடுத்துவிட்டால் வடிதல் சற்று விரைவாகும்.

படலத்தின் மேலே ஓட்டை விழுந்தாற்போல் ஒரு கறுப்பு

இது பிழையே அல்ல. ஆனால் இதைக் கண்டு அவசரப்பட்டுப் படலத்தை உடைத்துவிட்டு மீண்டும் தொடங்குகிறவர்கள் பலர். படலத்தின் முன்பரப்பில் எதிரொளிக்கும் அலை தலைகீழாகத் திரும்புகிறது. பின்பரப்பில் எதிரொளிப்பது அப்படித் திரும்புவதில்லை. படலம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட மிகமிக மெலிந்து, சுமார் 30 நானோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஆகும்போது, இரண்டு அலைகளும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால் அங்கே படலம் இருந்தும் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் குமிழியின் உச்சியில் தோன்றும் இந்தக் கரும்புள்ளியை விரிவாக எழுதியிருக்கிறார்.

படமெடுப்பவருக்கு இந்தக் கறுப்பு ஒரு கடிகாரம். அது தோன்றிய நொடியிலிருந்து அதற்கு அடுத்தடுத்துக் கீழே வெள்ளி வெண்மை, வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசை அமைந்துவிட்டது என்று பொருள். மிகச் செறிவான வண்ணங்கள் கிடைப்பது இந்த வேளையில்தான். கறுப்பு கால் பங்கு பரவுவதற்குள் எடுத்துமுடியுங்கள். அதற்கு மேல் பரவிய படலம் எந்நேரமும் உடையலாம். கறுப்பு மிகுதியாகிவிட்டது என்று தோன்றினால் உடைக்க வேண்டியதில்லை. வளையலைத் தலைகீழாகத் திருப்பினால், கீழே தேங்கியிருந்த தடித்த நீர் மேலிருந்து புகைச்சுருளாக இறங்கி, நேர்க்கோட்டுப் பட்டைகளைக் கலைத்து மிக அழகிய சுழல்களை உண்டாக்கும்.

கிடைப்பதெல்லாம் நேர்க்கோட்டுப் பட்டைகள்தான், சுழல்கள் வருவதில்லை என்று குறைப்படுவோருக்கும் இதுவே மருந்து. அல்லது ஒரு உறிஞ்சுகுழலைப் படலத்தின் தளத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மிக மெல்ல ஊதுங்கள். நேர் எதிரே ஊதினால் படலம் உப்பிக் குமிழியாகிவிடும்.

பொத்தானை அழுத்துவதற்குள் உடைந்துவிடுகிறது

முதலில் கையையும் சட்டத்தையும் பாருங்கள். உலர்ந்த இடம் எதுவாயினும் அது படலத்துக்கு எமன். வளையலின் உட்பக்கம், வெளிப்பக்கம், கிளிப் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் கரைசலில் முழுமையாக முக்கி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறைத் தட்டில் கரைசலை ஊற்றாதீர்கள்; கொஞ்ச எண்ணெய்கூடப் படலத்தைக் கெடுக்கும். கரைசலின் மேல் மிதக்கும் நுரையை ஒரு தாளின் விளிம்பால் ஒதுக்கிவிட்டு முக்குங்கள், ஏனெனில் வளையலின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு நுரைக்குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும்போது பெரிய படலத்தையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும்.

கரைசலும் சட்டமும் சரியாக இருந்தால் அடுத்துக் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். டர்பனின் கோடைக்காலப் புழுக்கம் நமக்குத் தொல்லையானாலும் படலத்துக்கு உகந்தது. ஈரம் மிகுந்த காற்றில் அது நெடுநேரம் நிற்கும். ஜோகன்னஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். டர்பனிலும்கூட உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கிச் சூடான வறண்ட பெர்க் காற்று இறங்கி வீசும் குளிர்கால நாட்களில் அதே நிலைதான். அத்தகைய நாளில் கிளிசரினின் அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்து அறையில் ஆவி பரவச் செய்துவிட்டு, நீராவி லென்ஸின் மேல் படிந்திருந்தால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அங்கேயே படமெடுப்பது இன்னும் எளிது, விளக்கின் மின்கம்பி நீரிலிருந்து தள்ளி இருக்கும்வரை. ஏர்கண்டிஷனரும் மேல்மின்விசிறியும் ஓடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சூடேறும் பழைய ஹாலஜன் விளக்கையும் தவிர்த்துவிடுங்கள்.

நியூட்டன் காற்றசைவிலிருந்து காப்பதற்காகக் குமிழியின் மேல் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். அந்த முறை இன்றும் நல்ல முறைதான். அகன்ற வாயுள்ள ஊறுகாய் ஜாடியை நன்கு கழுவி, அதன் அடியில் ஈரத்துணி ஒன்றைப் போட்டு, அதற்குள் வளையலை நிறுத்தினால் படலம் வெளியில் நிற்பதைவிட மிகுந்த நேரம் நிற்கும். ஆனால் ஜாடியின் சுவர் வழியாகப் படமெடுக்கக் கூடாது. சாதாரணக் கண்ணாடியின் இரண்டு பரப்புகளும் சேர்ந்து சுமார் 8 விழுக்காடு ஒளியை எதிரொளிப்பவை. அதாவது படலம் தன் உச்சத்தில் தரும் அளவுக்கு ஜாடியும் தரும், வண்ணம் மட்டும் இல்லாமல். ஜாடியைப் படுக்கவைத்து, திறந்த வாய் லென்ஸையும் விளக்கையும் பார்த்திருக்கும்படி அமைத்துக்கொள்வதே சரி.

மிகப் பெரிய படலங்களுக்கு மட்டும் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின்தூளை ஒரு சிட்டிகை சேர்ப்பதுண்டு. அதன் நீண்ட மூலக்கூறுகள் படலத்தை இழுபடக் கூடியதாக ஆக்குகின்றன. தூளை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு பிறகு நீரில் சேர்த்தால் கட்டி தட்டாது. வளையல் அளவு படலத்துக்கு இது தேவையில்லை. வடிதல் தாமதமாகி வண்ணம் வெளுப்பதுதான் மிஞ்சும்.

வளையல் தெளிவாக இருக்கிறது, வண்ணம் மங்கலாக இருக்கிறது; அல்லது பாதி தெளிவு, பாதி மங்கல்

தானியங்கி ஃபோகஸ் படலத்தைப் பார்ப்பதில்லை; படலத்தில் தெரியும் பிம்பத்தைப் பார்க்கிறது. படலத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் பேக்கிங் தாளின் பிம்பம் படலத்துக்குப் பின்னால் அதே 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும். ஃபோகஸ் அங்கே போய் அமர்ந்துகொண்டால் வண்ணக் கோடுகள் குழம்பிவிடும். தாளின் மடிப்புகளும் ஒட்டிய நாடாவும் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வளையலின் விளிம்பில் ஃபோகஸ் செய்து, அதை அப்படியே பூட்டிவிடுங்கள். கைபேசியில் விளிம்பைத் தொட்டு விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும்.

பாதி மட்டும் தெளிவாக இருப்பது வேறு சிக்கல், அதற்கு விடை கோணத்தில் இருக்கிறது. இயல்பளவில் பாதியாகப் பதிவாகும் நெருக்கத்தில், முழுச்சட்டக் கேமராவில் எஃப் 8 துளையில் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறுக்கும், தெளிவின் ஆழம் கூடும்) தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். 4 சென்டிமீட்டர் அகலமுள்ள படலத்தை லென்ஸுக்கு 45 பாகை சாய்த்து வைத்தால் அதன் ஒரு விளிம்புக்கும் மறுவிளிம்புக்கும் இடையே உள்ள ஆழ வேறுபாடு 28 மில்லிமீட்டர். எந்தத் துளையாலும் இதை ஈடுகட்ட முடியாது. அதே படலத்தை 15 பாகை மட்டும் சாய்த்தால் வேறுபாடு சுமார் 10 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஆகவே விளக்குப் பெட்டியை லென்ஸின் தோளோடு தோள் உரசுமளவுக்கு அருகில் கொண்டுவந்து, படலத்தை இரண்டுக்கும் நடுவே பார்க்கும்படி மிகச் சிறிதே திருப்பி, துளையை எஃப் 11 அல்லது 16-ல் வையுங்கள். எஃப் 22-க்குப் போனால் மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். அங்கே போய்ப் பயனில்லை. சற்றுப் பின்வாங்கி நின்று எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது கைபேசிக்காரர்களுக்கு இன்னும் எளிதான வழி. கைபேசியின் மேக்ரோ முறையோ மிக அருகில் வரச் சொல்லி, விளக்கையே மறைத்துவிடும்.

கோணம் மாறினால் வண்ணமும் மாறும் என்பது நினைவில் இருக்கட்டும். சாய்வு கூடக்கூட படலத்துக்குள் இரண்டு அலைகளுக்கும் இடையிலான பாதை வேறுபாடு குறைகிறது. 45 பாகையில் அது நேர்ப்பார்வையில் இருப்பதைவிட 15 விழுக்காடு குறைவு. சிவந்திருந்த இடம் சாய்த்ததும் மஞ்சளாகவோ பச்சையாகவோ நகர்ந்தால் கேமராவைக் குறைசொல்ல வேண்டாம்.

மங்கலுக்கு மூன்றாவது காரணம் அசைவு. ஊதிவிட்ட சுழல்கள் வேகமாக நகர்பவை. அவற்றுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 250-ல் ஒரு பங்காவது வேண்டும். கைபேசிகள் பல சட்டங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும் எச்.டி.ஆர். முறையையும் இரவு முறையையும் அணைத்துவிடுங்கள்; நகரும் வண்ணத்தை அவை தேய்த்து மெழுகிவிடும்.

படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள்

படலத்தின் வண்ணப் பட்டைகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை வளையலுக்கு வெளியேயும் தொடரும். இந்நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி அடங்குகின்றன. ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் அந்த ஏற்ற இறக்கம் பட்டைகளாகப் பதிவாகும். ஷட்டரை 100-ல் ஒரு பங்காகவோ 50-ல் ஒரு பங்காகவோ வைத்தால் பட்டைகள் மறைந்துவிடும். வேகமான சுழல்களுக்கு அது போதாது என்பதால், அவற்றைச் சன்னல் ஒளியிலோ, பேக்கிங் தாளுக்குப் பின்னாலிருந்து அடிக்கும் ஃபிளாஷிலோ எடுப்பதே தீர்வு. மின்வெட்டுக்காக வாங்கிவைத்த ரீசார்ஜ் விளக்குகளில் சில, ஒளியைக் குறைத்து வைக்கும்போது மட்டும் இப்படி மின்னும். முழு ஒளியில் வைத்துப் பாருங்கள்.

வண்ணங்கள் கண்ணில் கண்டபடி இல்லை

தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே பதிவாகும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஒவ்வொரு படத்திலும் மாறும் வண்ணக் கலவையைப் பார்த்துத் தானும் மாறிக்கொண்டே இருக்கும். விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அளந்து, அதையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சையும் சிவப்பும் மட்டும் துருத்திக்கொண்டு இடைப்பட்ட மென்வண்ணங்கள் காணாமல் போனால் விளக்கு காரணம். டியூப் லைட்டும் நிறம் மாறும் எல்.இ.டி. பல்புகளும் நிறமாலை முழுவதையும் தராமல் சில அலைநீளங்களை மட்டும் உரத்துத் தருபவை. அழகுக்காக எடுப்பவர்கள் பகலொளியையோ தரமான வெள்ளை எல்.இ.டி.யையோ நாட வேண்டும். கண்காட்சிக்காக எடுக்கும் மாணவர்களுக்கு டியூப் லைட்டும் வேறொரு வகையில் பயன்படும்: வெள்ளொளியில் வெளுத்துப்போகும் தடித்த படலத்திலும் அந்த ஒளி வரிவரியான கோடுகளைக் காட்டும், இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் இரண்டு அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் வண்ணம் தரும் குறுக்கீட்டு விளைவை விளக்கும் வேலை பாதி முடிந்தது.

குமிழியில் வண்ணத்துக்குப் பதில் வீடே தெரிகிறது

தட்டையான படலம் ஒரு திசையை மட்டும் எதிரொளிக்கும். உருண்டையான குமிழி அறை முழுவதையும் எதிரொளிக்கும். சன்னலின் பிம்பம் ஒன்று நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் தெரிவதைக் கண்டு குழம்ப வேண்டாம். முன்பக்கச் சுவர் குவிகண்ணாடியாகவும் பின்பக்கச் சுவர் குழிகண்ணாடியாகவும் வேலை செய்வதால் விளைவது அது. துலக்கிய எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகைக் குமிழி வரப்போகும் இடத்தில் வைத்துக் கேமரா வழியே பார்த்தால், எங்கெங்கே வெள்ளைத் தாளை நீட்டிக்க வேண்டும், எந்த நாற்காலியை அகற்ற வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும்.

முழுக் குமிழியைப் பறக்கவிட்டுத் துரத்துவதைவிட, கறுப்புத் தட்டு ஒன்றில் கரைசலை மெலிதாகப் பரப்பி, நனைத்த உறிஞ்சுகுழலால் அதன்மேல் அரைக்கோளக் குமிழியை ஊதி எழுப்புவது நல்லது. அதன் மேலே இரண்டு சாண் உயரத்தில் பேக்கிங் தாள் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கேமராவைச் சற்று மேலிருந்து சாய்வாகப் பார்க்க வைத்தால், குமிழியின் நெற்றிப்பகுதி முழுவதும் வண்ணம் நிறையும். லென்ஸின் கரிய வட்டம் குமிழியின் நடுவில் தெரிவதை முற்றிலும் நீக்க முடியாது. கேமராவின் முன் வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கே துளையிட்டு மாட்டினால் அது ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கும், அதைக் கணினியில் தொட்டுத் திருத்திவிடலாம்.

உடையும் கணத்தைப் பிடிக்க முடியவில்லை

ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் ஓட்டை விழுந்தால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். படலம் மெலிந்திருந்தால் வேகம் இன்னும் கூடும். 5 சென்டிமீட்டர் படலத்தின் ஒரு விளிம்பில் விழுந்த ஓட்டை மறுவிளிம்பை எட்ட நொடியின் ஆயிரத்தில் ஏழு பங்கே ஆகிறது. விரலின் வேகத்தை நம்பிப் பயனில்லை. கேமராவைத் தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் வைத்து, ஷட்டரை 4,000-ல் ஒரு பங்குக்கு உயர்த்தி, உலர்ந்த ஊசியால் படலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தேவைப்படும் அளவு ஒளி பேக்கிங் தாளின் பின்னால் வெயில் நேராக விழும் வடக்குச் சன்னலில்தான் கிடைக்கும். அப்படியும் பெரும்பாலான தொடர்களில் முழுப் படலம் ஒன்றும் வெற்று வளையல் ஒன்றுமே பதிவாகும் என்பதால், உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு கரைசலைத் தாராளமாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.